கத்திரிப்பூ நிறக் கார்

பொம்மைக் காரைப் பார்த்து நடுங்குகிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரே வீட்டில் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒன்று ஜெயலக்ஷ்மி மாமி. இன்னொன்று நான்.

லேக் கார்டன்ஸில் மாமியின் வீடு. சனிக்கிழமை காலை. லோட் ஷெட்டிங்கில் மின்விசிறி செத்துக் கிடக்க, மாமி ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தி வைத்திருந்தாள். ஜூலை மாதக் கல்கத்தாவில் அப்படி உட்கார்ந்திருப்பதற்கு ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை பயமாக இருக்க வேண்டும். மாமி சமையலறைக்குப் போய், அரிசி டின்னுக்குள் கையை விட்டு, ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்தாள். மூடியில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் வாசல்ல கிடந்துது சார். எங்காத்துக்காரருக்குக்கூடத் தெரியாது. போன தடவை வந்ததைக் காட்டினப்போ பாவம், அவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. என்னைவிட அவர்தான் பயந்துட்டார்."

அவள் 'சார்' என்றது என் முதலாளி வேதாச்சலத்தை. ரயில்வேயில் காணாமல் போன பார்சல்களைத் தேடித் தேடியே நரைத்துப் போய், ஓய்வு பெற்றதும் காணாமல் போன மனிதர்களைத் தேட ஆரம்பித்தவர். லேக் மார்க்கெட்டில் ஒரு அப்பளக் கடைக்கு மேலே எங்கள் துப்பறியும் நிலையம். ஊழியர்கள் மொத்தம் இரண்டு பேர். மூளை அவர், வாய் தாரா என்கிற நான். பயம் வந்தால் என் வாய் இன்னும் வேகமாக ஓடும். இது வியாதியா திறமையா என்று இதுவரை முடிவாகவில்லை.

சார் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு அமெரிக்கக் கார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, பிளாஸ்டிக். சின்னச் சின்னப் பாகங்களாக டப்பாவில் வரும், நாமே வெட்டி ஒட்டிச் செய்துகொள்ள வேண்டிய ரகம். ஆனால் டப்பாவில் போட்டிருந்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இருந்திருக்காது. கூரையை அறுத்துத் தாழ்த்தியிருந்தார்கள். முன்பக்கம் தரையை முகர, பின்பக்கம் அகலமான டயர்கள் மேல் தூக்கிக்கொண்டு நின்றது. பானெட்டைப் பிளந்துகொண்டு எஞ்சின் வெளியே நீட்டியது. நிறம் பளபளக்கும் கத்திரிப்பூ. இரண்டு கதவு. கதவுகளில் பிடி கிடையாது, வழவழவென்று இருந்தது. ரோட்டில் அப்படி ஒன்று வந்தால் நான் முதலில் நடைபாதையில் ஏறிவிட்டு அப்புறம்தான் யாருடையது என்று பார்ப்பேன்.

வலது பக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. ஓட்டுநர் இருக்கை காலி. இடது பக்கம் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு பெண். பச்சைப் புடவை, மஞ்சள் பார்டர்.

"அது நான்தான். அதே புடவை என்கிட்ட இருக்கு" என்றாள் மாமி. "முதல்ல வந்த கார்ல நான் மட்டும் உக்காந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. இதுல கதவைத் திறந்து வெச்சிருக்கான். டிரைவர் இல்லை. அப்படின்னா என்ன அர்த்தம்? அவன் இறங்கி என்னைத் தேடிண்டு வரான்னுதானே? கீழ பாருங்கோ, ரத்தம் வேற."

இடது கதவுக்குக் கீழே, வண்டியின் அடியில், ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

"ரத்தம்னா இவ்வளவு சுத்தமா வட்டமா இருக்காது மாமி. குங்குமமா இருக்கும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

சார் தபால்தலை பார்க்கும் லென்ஸை எடுத்துக் காரின் மேல் குனிந்தார். "தாரா, இதைச் செஞ்சவனைப் பத்திச் சொல்லு."

"கொலைகாரன். பொழுது போகாத கொலைகாரன்."

"இது அமெரிக்க பொம்மை. அந்த ஊர்ல ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இதுல வலது பக்கம் இருக்கு. டாஷ்போர்டை நடுவுல அறுத்து, புரட்டி ஒட்டி, ஒட்டு தெரியாம மக்கு பூசி இழைச்சிருக்கான். ஒரு பொம்பளையைப் பயமுறுத்துறதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? மிரட்டுறவனுக்கு ஸ்டியரிங் எங்க இருந்தா என்ன?"

நான் காரை முகர்ந்து பார்த்தேன். கராஜ் வாடை. அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. "சார், ஒரு தடவை என் தங்கச்சியோட பிளாஸ்டிக் பொம்மைக்கு நகப்பாலிஷ் அடிச்சேன். மூஞ்சி வெந்த மாதிரி சுருங்கிப் போச்சு. இது நிஜக் காருக்கு அடிக்கிற பெயிண்ட். ஆனா பிளாஸ்டிக் சுருங்கவே இல்லை."

"சபாஷ். அடியில வேற பெயிண்ட் ஒரு கோட் குடுத்துட்டு அதுக்கு மேல அடிச்சிருக்கான். தொழில் தெரிஞ்சவன். கையில நிஜக் கார் பெயிண்ட் மிச்சம் வெச்சிருக்கிறவன். இப்ப புடவை பார்டரைப் பாரு."

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். மஞ்சள் கோடு புழு நெளிகிற மாதிரி கோணிக்கொண்டு போயிற்று. மற்ற வேலையெல்லாம் அவ்வளவு சுத்தமாக இருக்க, இந்த ஒன்று மட்டும் எல்.கே.ஜி. பிள்ளை வரைந்தது போல இருந்தது.

"கை நடுங்கியிருக்கு" என்றேன்.

"பயப்படுறவன் கை நடுங்கும். பயமுறுத்துறவன் கை ஏன் நடுங்கணும்?"

அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் தேடியிருக்க வேண்டும். நாங்கள் தேடவில்லை. மாமி அழ ஆரம்பித்திருந்தாள். அழுகிற பெண்ணுக்கு எதிரே சாருக்கு யோசனை ஓடாது, அது அவருடைய ஒரே பலவீனம்.

"இன்னிக்கு என்ன பண்றதா இருக்கீங்கம்மா?"

"எங்காத்துக்காரர் மத்தியானம் ஆபீஸ்லேர்ந்து வந்துடுவார். ரெண்டு நாள் டயமண்ட் ஹார்பர்ல, ஆத்தங்கரை பங்களாவுல இருந்துட்டு வரலாம்னார். இங்க இருந்தா நான் பயந்தே செத்துடுவேனாம்."

"ரொம்ப நல்லது. போயிட்டு வாங்க. தனியா மட்டும் இருக்காதீங்க. எங்க போனாலும் அவரோடவே போங்க."

மாமி முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கல்கத்தாவில் கார் என்றால் கறுப்பு, வெள்ளை, சாம்பல். டாக்சி என்றால் மஞ்சள் பூசிக்கொள்ளும். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு வாளி பெயிண்ட் கலக்கச் சொன்னவனைப் பெயிண்ட் கடைக்காரன் மறந்திருக்க மாட்டான் என்பது சாரின் கணக்கு. சாரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு, மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களை எல்லாம் கும்பிட்டபடி மல்லிக் பஜார் போனேன். பழைய கார்களை உரித்து உப்புக்கண்டம் போடுகிற இடம் அது. மூன்றாவது கடையிலேயே விடை கிடைத்தது.

கடைக்காரர் பொம்மைக் காரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானார். "பேகுனி ரங்! கத்திரிக்காய் நிறம்! இது உத்தம்தா கேட்டது. பெஹாலாவில் கராஜ். மதராஸி. இந்த நிறத்தில் ஒரு பெரிய அமெரிக்க வண்டியே செய்துகொண்டிருக்கிறார்" என்று வங்காள மொழியில் பொழிந்தார். உத்தம்தா என்றால் உத்தமன் அண்ணன்.

நான் தமிழில் சாருக்குச் சொன்னேன். "சார், நிஜமாவே அப்படி ஒரு கார் இருக்காம்."

"தெரியும். ஸ்டியரிங் மாறியிருந்தப்பவே தெரியும்."

"அதை என்கிட்ட சொல்லக் கூடாதா? பொம்மைன்னு நினைச்சு தைரியமா வந்துட்டேன்."

பெஹாலாவில் டயமண்ட் ஹார்பர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கராஜ். ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. பட்டப்பகலில் கராஜ் ஷட்டரை இறக்கி வைப்பவன் நல்ல காரியம் செய்பவனாக இருக்க முடியாது. "நீங்க முதல்ல போங்க சார், வயசுக்கு மரியாதை" என்றேன். சார் குனிந்தார். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் குனிந்தேன்.

உள்ளே நிமிர்ந்ததும் என் தலைக்கு நேர் மேலே ஒரு பெரிய ஸ்பானர் நின்றது.

நான் போட்ட கூச்சலில் ஸ்பானரைப் பிடித்திருந்தவன் என்னைவிட அதிகமாகப் பயந்து, அதைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நாற்பது வயது இருக்கும். அழுக்குப் பனியன். வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டு. ஸ்பானரை அவன் இடது கையால்தான் தூக்கியிருந்தான்.

"அவரு அனுப்பிச்சாரா? நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலைங்க, சத்தியமா!"

"எவரு?" என்று கேட்ட சார், பெட்டியைத் திறந்து பொம்மைக் காரைக் காட்டினார். "உத்தமன், நாங்க அந்தம்மாவோட ஆளுங்க."

உத்தமனின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் குழப்பம்தான் வந்தது. பிடிபட்ட குற்றவாளி இப்படியா பெருமூச்சு விடுவான்? அப்படியே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாடா. அந்தம்மா புரிஞ்சிக்கிட்டாங்களா? வண்டியில ஏற மாட்டாங்கல்ல?"

"எந்த வண்டியில?"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அரே, நீங்க உள்ள பாக்கலையா?"

உத்தமன் கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவன். எந்த வண்டியை மாற்றிக் கட்டச் சொன்னாலும் முதலில் அதைப் பிளாஸ்டிக்கில் செய்து பார்ப்பது அவன் வழக்கம். கூரையை எவ்வளவு அறுப்பது, பின்பக்கத்தை எவ்வளவு தூக்குவது எல்லாம் பொம்மையில் சரியாக வந்த பிறகுதான் தகரத்தில் கை வைப்பான். கப்பலில் வேலை செய்யும் மச்சான் இந்த மாடலில் கொண்டுவந்து கொடுத்ததே இரண்டு கிட்.

"ஸ்ட்ரீட் மெஷின்னா, அதான் இப்படி மாத்திக் கட்டுற வண்டின்னா, வெளிக் கைப்பிடியை எடுத்துடுறது ஸ்டைலுங்க. கதவு வழவழன்னு இருக்கும். டிரைவர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழ ஒரு சுவிட்ச், அதை அமுக்கினா கதவு தானா திறக்கும். அது சரி. ஆனா இந்த வண்டிக்காரரு இடப்பக்கம் உள் கைப்பிடியையும் எடுக்கச் சொன்னாரு. இடப்பக்கம் மட்டும். கண்ணாடி இறக்குற பிடியையும் எடுத்துடு, ஏசி வைக்கப் போறேன்னாரு. ஏசி வைக்கவே இல்லை. உள்ள உக்காந்தவங்க எப்படி சார் இறங்குவாங்கன்னு கேட்டேன். 'இறங்க வேணாம்'னு சிரிச்சாரு."

கராஜுக்குள் புழுக்கமாக இருந்தது. ஆனாலும் நான் சாரை ஒட்டி நின்றுகொண்டேன்.

சார் லென்ஸைக் காருக்குள் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். திறந்திருந்த வலது கதவின் உட்புறம் முடியளவு கம்பியில் ஒரு கைப்பிடி, அதற்கு வெள்ளிப் பூச்சு. இடது கதவின் உட்புறத்தில் எதுவும் இல்லை. பச்சைப் புடவைக்காரி வெறும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் இதே காரைத்தான் அரை மணி நேரம் உருட்டிப் பார்த்தோம். உள்ளே கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

"பொம்மைக் காரைக் கையில எடுத்தா உள்ளதான முதல்ல பாப்பாங்க?" என்றான் உத்தமன் பரிதாபமாக. "நாங்க அப்படித்தாங்க பாப்போம். வெளிய யார் வேணா பெயிண்ட் அடிப்பான். உள்ள என்ன பண்ணியிருக்கான்னு பாத்துதான் ஒருத்தனோட வேலையை எடை போடுவோம். அந்தம்மாவும் பாப்பாங்கன்னு நினைச்சேன். கலர் காட்ட அவரு வீட்டுக்குப் போனப்ப மாடியில பச்சைப் புடவையோட நின்னாங்க. அதையே பொம்மைக்குப் போட்டா தன்னைத்தான் சொல்றான்னு புரிஞ்சிடும்னு பாத்தேன். இடக்கதவுக்கு அடியில சிவப்புப் பொட்டுகூட வெச்சேனே. பேட்டரி செத்தா வெளிய இருந்து திறக்க ரகசியமா ஒரு கம்பி விடுவோம். அது இருக்கிற இடம் அது. அந்த ஆளுக்கு நான் அதைச் சொல்லவே இல்லை."

"இவ்வளவு செஞ்ச ஆளு நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்று நான் எரிந்து விழுந்தேன். பயத்தில் கோபம்தான் முதலில் வருகிறது.

"உங்க வீட்டுக்காரர் உங்களைக் கொல்லப் போறாருன்னு சொல்றதாம்மா? அப்படி இல்லைன்னா? அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "முதல் பொம்மையை அவரு பாத்துட்டாரு. நேரா இங்க வந்தாரு. சுத்தியை எடுத்து ஒவ்வொரு விரலா... என் பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்கிறான்னு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டாவது பொம்மையில காரு முன்னாடியே முடிஞ்சிருந்தது, அந்தம்மா புடவைக்கு மட்டும் இடக்கையால பெயிண்ட் அடிச்சேன். ஓட்டுறவன் இறங்கி ஓடிடுவான், நீங்க மட்டும் உள்ள இருப்பீங்கன்னு காட்டத்தான் அந்தக் கதவைத் திறந்து வெச்சேன்."

மிரட்டல் என்று நாங்கள் நினைத்தது ஒரு மனிதனின் கதறல். மாமியின் கணவர் சௌந்தரராஜன் முகம் வெளுத்ததும் பெண்டாட்டிக்காக இல்லை.

"வண்டி இப்ப எங்க?" சாரின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"காலைல எடுத்துட்டுப் போயிட்டாரே. டயமண்ட் ஹார்பர்ல ஆத்தோரமா ஓட்டிப் பாக்கணும்னாரு."

சார் அப்படியே நின்றார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நீங்கதான் சார் போகச் சொன்னீங்க. அவரோடவே போகச் சொன்னீங்க" என்றேன்.

"ஆமா" என்றார்.

எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடி போனைத் தூக்கினேன். செத்துக் கிடந்தது. "போன வாரத்திலிருந்தே இப்படித்தான் தீதி" என்றார் கடைக்காரர். லேக் கார்டன்ஸுக்குத் திரும்பி ஓடலாமா என்று நான் திரும்பியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அம்பாஸடர் இருமுகிற சத்தம் இல்லை, லாரி உறுமுகிற சத்தமும் இல்லை. அடிவயிற்றில் அதிர்கிற ஒரு கனத்த உறுமல், மெயின் ரோட்டில் வடக்கிலிருந்து தெற்காகப் போயிற்று.

கராஜ் வாசலில் உத்தமன் வெளிறிப் போய் நின்றான். "என் வண்டி" என்றான்.

சந்து முனையில் ஒரு நொடி அது தெரிந்தது. கத்திரிப்பூ நிறம். இடது ஜன்னலில் ஒரு பச்சைப் புடவை.

சாரின் ஸ்கூட்டருக்கு அந்த வண்டியைத் துரத்துகிற யோக்கியதை கிடையாது. மேட்டில் ஏறும்போது நான் இறங்கித் தள்ள வேண்டிய ஸ்கூட்டர் அது. ஆனாலும் கிளம்பினோம். பெஹாலா டிராம் டிப்போவைத் தாண்டும்போது கத்திரிப்பூ நிறம் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. தெற்கே ரோடு காலியானால் அவ்வளவுதான், அதற்கப்புறம் ஆறு வரைக்கும் சௌந்தரராஜனை நிறுத்த ஆளில்லை. அவர் குதித்துவிட, கார் மாமியோடு ஆற்றில் இறங்கி, பூட்டிய பெட்டிக்குள் தண்ணீர் ஏறுவதை நினைத்து எனக்கே மூச்சு முட்டியது. நான் சாரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லா சாமிகளையும் கூப்பிட்டேன். தமிழ் சாமி, வங்காள சாமி என்று பார்க்கவில்லை.

வந்தது சாமி இல்லை, ஊர்வலம். கொடியும் கோஷமுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போயிற்று. பிறந்ததிலிருந்து இந்த ஊர் ஊர்வலங்களைத் திட்டாத நாளில்லை. அன்றைக்கு ஒவ்வொருவர் காலிலும் விழலாம் போலிருந்தது. பஸ், ரிக்ஷா, லாரி எல்லாம் நிற்க, அவற்றுக்கு நடுவே அந்தக் காரும் நின்றது. சுற்றி ஒரு கூட்டம் வாய் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ அந்தம்மா பக்கம் போ. நான் முன்னால போறேன்" என்றார் சார்.

"முன்னாலன்னா?"

அவர் குடையோடு நடந்து போய், வெளியே நீட்டிய அந்த எஞ்சினுக்கு நேர் எதிரே நின்றுகொண்டார்.

நான் இடது கதவுக்கு ஓடினேன். பெரிய கண்ணாடி மூடியிருந்தது. முன்பக்கம் இருந்த சின்ன முக்கோணக் கண்ணாடி மட்டும் காற்றுக்காகத் திறந்திருந்தது. உள்ளே மாமி தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு, மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"தாரா! நீ எங்க இங்க? பாரேன், எனக்குப் பிடிக்கும்னு இந்தக் கலர்லயே..." பேச்சு பாதியில் நின்றது. பொம்மையின் நிறத்தை அவள் மறந்திருக்கவில்லை. "அந்தப் பொம்மையைப் பாத்துப் பயந்தேன்னு, பயம் தெளியணும்னே அதே மாதிரி நிஜக் கார் வாங்கினாராம். கதவைக்கூட அவரே திறந்து விட்டார். கல்யாணமான நாள்லேர்ந்து திறந்து விட்டதே இல்லை."

"மாமி, இறங்குங்க. உடனே இறங்குங்க."

"ஜெயா, அந்தக் கண்ணாடியைச் சாத்து" என்றார் சௌந்தரராஜன். அலுவலகத்தில் கடிதம் சொல்லி எழுத வைக்கும் குரல். வெள்ளைச் சட்டை, கலையாத தலை. "நான் சொன்னேனே, ஒரு கும்பல்னு? இவாதான் அந்தப் பெட்டியை அனுப்பிப் பயமுறுத்தினவா. பணம் பறிக்கற கும்பல். போலீஸ்ல சொல்லிட்டா."

மாமி என்னைப் பார்த்த பார்வை மாறியது. பயம். என்னைப் பார்த்துப் பயம். கை முக்கோணக் கண்ணாடியைச் சாத்தப் போயிற்று. நான் விரல்களை நடுவில் வைத்தேன். கண்ணாடி நசுக்கியது.

எவ்வளவோ சொல்லலாம். சுத்தியல், உத்தமன், சுவிட்ச் என்று. அவள் ஒன்றையும் நம்ப மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் தேவைப்பட்டபோது அதில் வார்த்தை இல்லை. அழுகைதான் வந்தது.

"மாமி, என்னை நம்ப வேணாம். அவரையே நம்புங்க. ஒரே ஒரு தடவை உங்க பக்கத்துக் கதவை நீங்களே திறங்க. திறந்துட்டா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அவ்வளவுதானா என்பது போல மாமி பார்த்தாள். என்னிடமிருந்து கண்ணை எடுக்காமலே அவளுடைய இடது கை கதவில் கைப்பிடியைத் தேடிப் போயிற்று. இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால். இல்லை. கீழே தடவினாள், மேலே தடவினாள். கண்ணாடி இறக்கும் பிடி இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். வழவழப்பான ரெக்ஸின் மட்டும் இருந்தது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்வலத்தின் வால் கடந்துகொண்டிருந்தது.

"ஏன்னா?" என்றாள் மாமி. "இதுல பிடி எங்கே?"

எஞ்சின் அலறியது. வண்டி ஒரு முழம் முன்னால் பாய்ந்து சாரின் முழங்காலில் இடித்து நின்றது. கூட்டம் சிதறியது. சார் நகரவில்லை. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சார்ஜெண்ட்! சார்ஜெண்ட்!" என்று கத்தினார். ஊர்வலத்தோடு போன போலீஸ்காரர்கள் திரும்பினார்கள்.

நான் தரையில் படுத்தேன். சிவப்புப் பொட்டு இருந்த இடம், இடது கதவுக்குக் கீழே. அகலமான பின் டயர் என் தலைக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அது ஒரு சுற்றுச் சுற்றினால் நான் இல்லை என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அம்மா என்று அழுதுகொண்டே தகரத்துக்கு அடியில் விரலை ஓட்டினேன். சேறு. போல்ட். மறுபடி சேறு. அப்புறம் ஒரு கம்பி வளையம். இழுத்தேன். டக்கென்று கதவு திறந்து, மாமி, பிளாஸ்க், மல்லிகை எல்லாமாக என் மேல் வந்து விழுந்தது.

அதற்கப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. சௌந்தரராஜன் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடப் பார்த்தார். பெஹாலாக் கூட்டத்திலிருந்து யாரும் அப்படி ஓடிவிட முடியாது. சார்ஜெண்ட் வந்து சேர்ந்தபோது வெள்ளைச் சட்டையில் பித்தான் ஒன்றுகூட மிச்சமில்லை. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்த உத்தமன், கட்டுப் போட்ட கையைச் சார்ஜெண்டிடம் நீட்டி அழுதான். ஏன் இதைச் செய்தார் என்று நான் கேட்டதற்கு, "லேக் கார்டன்ஸ் வீடு அந்தம்மாவோட அப்பா எழுதி வெச்சதாம். இவருக்கு வேற எங்கயாவது இன்னொரு குடித்தனம் இருக்கும்னு நினைக்கிறேன். மிச்சத்தைக் கோர்ட்டுல சொல்லட்டும்" என்றார் சார். நொண்டிக்கொண்டே போய் நடைபாதையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் குடையை மடக்கிக் கொடுத்தேன்.

மாமி ரோட்டில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"தாரா. அவர் பக்கத்துக் கதவுல பிடி இருக்கா?"

எனக்குப் பொய் சொல்ல வேண்டும் போலிருந்தது. இரண்டு பக்கமுமே இல்லை மாமி, ஏதோ மெக்கானிக் செய்த தப்பு என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

"இருக்கு மாமி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். காரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளே ஏறி, கணவனின் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பதறிப் போய் ஓடினேன். அதற்குள் உள்ளிருந்து கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது. மறுபடி சாத்தினாள். மறுபடி திறந்தாள். அடுத்த தடவை கதவு திறந்தபோது மாமி இறங்கவில்லை, அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.